எட்டாவது போல்ட்

சாவியைத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. மெக்கானிக் திருப்பவில்லை. காருக்குள் உட்கார்ந்தபடி, மடியில் விரித்திருந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, நல்ல நேரம் பாக்கறீங்களா? பதினோரு மணிக்கு டைனோவுல நிக்கணும்" என்றான் மைத்துனன். காரை உருளைகள் மேல் நிறுத்தி முழு வேகத்தில் ஓட்டி, என்ஜினின் பலத்தை அளக்கும் இடம் அது. மறுநாள் மலைப்பாதையில் பந்தயம். ஓட்டப்போகிறவன் அவன்தான். கூட்டாளிகள் அவனை 'பிரேக்' என்று கூப்பிடுவார்கள். அப்படி ஒன்று காலடியில் இருப்பதே அவனுக்குத் தெரியாது என்பதால்.

நான்கு மாதங்களுக்கு முன் அதே மலைப்பாதையில் இதே காரின் என்ஜின் உடைந்தது. டர்போ திணித்த காற்றின் அழுத்தம் தாங்காமல் பிஸ்டனைப் பிடித்திருக்கும் ஒரு கனெக்டிங் ராடு முறிந்து, என்ஜினின் இரும்புச் சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. சிந்திய எண்ணெய் தீப்பிடித்தது. மைத்துனன் வெந்த முழங்கையோடு வெளியே குதித்தான்.

இந்த முறை எல்லாமே புதிது. இரட்டிப்பு பலம் தாங்கும் பிஸ்டன்கள், ராடுகள். சிலிண்டர்களைக் கடைந்து கொடுத்தவள் மெக்கானிக்கின் மனைவி. பக்கத்து லேத் பட்டறை அவளுடையது. நான்கு ராடு, ஒவ்வொன்றுக்கும் இரண்டாக எட்டு போல்ட். சரியாக முடுக்கினால் ஒவ்வொரு போல்ட்டும் மயிரிழை அளவு நீளும். அதனால் முடுக்கும் முன் ஓர் அளவு, முடுக்கிய பின் ஓர் அளவு. நோட்டில் ஏழு போல்ட்டுக்கு இரண்டு அளவுகளும் இருந்தன. எட்டாவதற்கு ஒன்றுதான் இருந்தது.

"எழுத மறந்திருப்பீங்க மாமா. முடுக்காம விட்டிருப்பீங்களா என்ன?"

போல்ட் முடுக்கிய அன்று நடுவில் பார்சல் வாங்க எழுந்து போனது நினைவிருந்தது. திரும்பி வந்து என்ன செய்தார்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. மனைவியைக் கூப்பிட்டார். இரும்புத் தூள் ஒட்டிய ஏப்ரனோடு வந்தாள்.

"முடுக்கினீங்களா, இல்லையா?"

"தெரியல."

"அப்போ கழட்டுங்க."

"அக்கா! நாளைக்கு ரேஸ்!"

"நாளான்னைக்கும் நீ இருக்கணும்டா."

காரை உயரே தூக்கி, புது எண்ணெயை வடித்து, என்ஜினின் அடித்தட்டைக் கழற்றுவதற்குள் மணி பத்தேகால் ஆகிவிட்டது. மைத்துனன் உர்ரென்று விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். மெக்கானிக் எட்டாவது போல்ட்டில் அளவுமானியைப் பொருத்தினார். முள் நின்றது. மூச்சு விட்டார்.

"நீண்டிருக்கு. சரியாத்தான் இருக்கு."

"நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! மூடுங்க மாமா, பறந்தா போய்ச் சேந்துரலாம்."

மெக்கானிக் அடித்தட்டைக் கையில் எடுத்துவிட்டார். மனைவி நோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க. எட்டாவது இப்போ என்ன காட்டுச்சு? கடைசி ரெண்டு எண் மட்டும் சொல்லுங்க."

"நாப்பத்தொண்ணு."

"ஏழாவதுக்கு நேரா எழுதியிருக்கறதும் நாப்பத்தொண்ணுதான். மத்த எந்த ரெண்டும் இப்படி ஒண்ணா இல்ல."

மெக்கானிக்குக் காது சூடேறியது. பார்சலை வாங்கி வந்தவர் என்ஜினுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தது இப்போதுதான் உறைத்தது. இடம் வலமாகியிருக்கிறது. எட்டை முடுக்கிவிட்டு ஏழுக்கு நேரே எழுதியிருக்கிறார்.

ஏழாவது போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார். அழுத்தக்கூட இல்லை. இரண்டு விரலுக்கே அது சுழன்றது.

டைனோவில் முதல் ஓட்டத்துக்குக்கூட அது தாங்கியிருக்காது. மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"என்னால நீ..." என்று ஆரம்பித்தார்.

மைத்துனன் போனை எடுத்து டைனோவுக்கு வரவில்லை என்றான். பந்தயம் நடத்துகிறவர்களிடம் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னான். பிறகு அக்காவிடமிருந்து நோட்டை வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஒண்ணுலேர்ந்து ஆரம்பிங்க மாமா. நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். திருப்பி வாசிச்சுக் காட்டாம அடுத்ததுக்குப் போகக் கூடாது."

ஐந்து நாள் கழித்து கார் டைனோவில் ஏறியது. மைத்துனன் மிதிக்க மிதிக்க டர்போவின் சீழ்க்கை ஏறிக்கொண்டே போனது. பழைய என்ஜின் உடைந்த அழுத்தத்தைத் தாண்டியும் முள் நிற்கவில்லை. மெக்கானிக் கண்ணாடிச் சுவரில் நெற்றி பதித்து நின்றார். மூன்று முறை உச்சம் தொட்டு, மூன்று முறையும் ஒழுங்காக இறங்கியது. சத்தம் அடங்கிய பிறகுதான் பக்கத்தில் மனைவி இல்லை என்பதைக் கவனித்தார்.

அவள் வெளியே, வாகனங்கள் நிறுத்தும் இடத்தில், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். அவர் போய் அவள் கைகளை மெல்ல விலக்கினார்.

"முடிஞ்சுது" என்றார்.

"உள்ள இருக்கானா?"

"சிரிச்சுட்டு இருக்கான்."

அவளுக்கு அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.