மறுபடி ஒட்டிய டேப்

ஆஸ்பத்திரியில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை; நான்தான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். கோபம் வரவில்லை. அறுவைக்குப் போகும் கத்தியையும் கத்தரியையும் விளக்கடியில் வைத்து, ரத்தப் புள்ளி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறவளை வேறென்னவென்று கூப்பிடுவார்கள்? வீட்டிலும் அதே பேச்சுதான். "நீ ஆண்டவரையே வாசல்ல நிறுத்தி அடையாள அட்டை கேப்ப" என்பார் என் கணவர்.

சர்ச்சுக்கு நான் போகாத ஞாயிறு கிடையாது. கடைசி பெஞ்சில்தான் உட்காருவேன். அங்கிருந்தால் யார் தாமதமாக வருகிறார்கள், யார் பிரசங்கத்தில் தூங்குகிறார்கள் என்று எல்லாம் தெரியும். கண்ணை மூடி ஜெபம் பண்ணச் சொன்னால் நான் ஒரு கண்ணைத்தான் மூடுவேன்.

எங்கள் பிரிவு கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் இல்லாத மூன்று அறைகள். முதல் அறையில் கருவிகளைக் கழுவுவோம். இரண்டாவதில் பட்டியலைப் பார்த்துத் தட்டில் அடுக்கி, இரண்டு துணியில் சுற்றி, டேப் ஒட்டி, டேப்பின்மேல் கட்டியவர் கையெழுத்துப் போடுவோம். இப்படிக் கட்டியதைத்தான் செட் என்போம். பிறகு அது நீராவி இயந்திரத்துக்குள் போகும். போகும்போது டேப்பில் உள்ள கோடுகள் வெளிறி இருக்கும். வெளியே வரும்போது கறுத்திருக்கும்; நீராவி பட்டதற்கு அதுதான் அடையாளம். மூன்றாவது அறை அலமாரி அறை. அங்கே வைத்த செட்டை அறுவை மேஜைக்குப் பக்கத்தில்தான் பிரிக்க வேண்டும். நடுவில் யாராவது பிரித்தால் அவ்வளவு பாடும் வீண். பார்வைக்கு அப்படியேதான் பளபளக்கும், ஆனால் நம்ப முடியாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிக்குப் பயந்து பயந்து சம்பளம் வாங்குகிற கூட்டம் நாங்கள்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒருத்தி புதிதாக வந்தாள். நாற்பது வயது இருக்கும். வேலை சுத்தம், பேச்சு குறைவு. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத ஆளை எப்படி நம்புவது? இரண்டாம் நாளே கவனித்துவிட்டேன். ஒவ்வொரு செட்டையும் கட்டி டேப் ஒட்டியதும் அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். உதடு அசையும். பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும். பிறகுதான் கையெழுத்து. நான் அவளுக்கு முணுமுணுப்பு என்று பெயர் வைத்தேன்.

"என்ன முணுமுணுக்கற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணுமில்லக்கா, பேசிட்டு இருக்கேன்."

"யார்கிட்ட?"

சிரித்தாள். "கீழ்த்தளத்துல கெடந்தாலும் நம்மள சும்மா கொண்டுவந்து வைக்கலக்கா. மேல படுத்திருக்கறவங்களுக்காக வெச்சிருக்காரு."

"யாரு, சூப்பர்வைசரா? அது பொம்பள."

அதற்கும் சிரித்தாள். சிரிப்பில் நஞ்சு இல்லை என்பதே எனக்கு நஞ்சாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு இப்படித்தான் ஒருத்தி சிரித்துச் சிரித்துப் பழகி, என்னைப் பற்றிப் பெயரில்லாத கடிதம் எழுதி மேலே அனுப்பினாள். எனக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் வேலை என்னைவிடப் பதினைந்து வயது சின்னப் பெண்ணுக்குப் போயிற்று. அன்றிலிருந்து யாராவது அன்பாகப் பேசினால் நான் முதலில் அவர்கள் கையைப் பார்ப்பேன், பேனா இருக்கிறதா என்று.

முணுமுணுப்பு கையில் பேனா எப்போதும் இருந்தது. கையெழுத்துப் போடத்தான் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் எல்லாரும் இல்லையே.

போன வாரம் வயிற்று அறுவை செட் ஒன்று ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு சின்ன இடுக்கி குறைவாகத் திரும்பி வந்தது. எங்களிடமிருந்து போகும்போதே குறைவாகத்தான் இருந்தது என்று தியேட்டரில் சொல்லிவிட்டார்கள். டேப்பில் அவள் கையெழுத்து. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, மறைப்பானேன்? கண்ணை மூடிக்கொண்டு கட்டினால் குறையாமல் என்ன செய்யும்? சூப்பர்வைசரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "தேடிப் பாக்கலாம்க்கா" என்று இழுத்தாள். ஆதாரம் இல்லாமல் இவள் அசைய மாட்டாள் என்று புரிந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அலமாரி அறையில் நான் மட்டும். அவள் கையெழுத்துப் போட்ட வயிற்று செட் ஒன்று முன்வரிசையிலேயே இருந்தது. செய்யக் கூடாது என்று தெரியும். வேறு யாராவது செய்திருந்தால் அவர்கள் வேலையைத் தொலைத்துக்கட்டியிருப்பேன். ஆனாலும் டேப்பை நகத்தால் மெல்ல உரித்தேன். துணி கிழியாமல் பிரித்தேன். பட்டியலை வைத்து ஒன்று ஒன்றாகப் பார்த்தேன். முப்பத்தி நான்கும் இருந்தன. எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்து, பிடிகள் ஒரே நேரில், குழந்தைகளைப் படுக்கவைத்த மாதிரி. நான்கூட அவ்வளவு அழகாக அடுக்கியதில்லை.

ஏமாற்றமாக இருந்தது. ஒன்றாவது குறையக் கூடாதா!

அப்போது வெளியே செருப்புச் சத்தம். படபடவென்று துணியை மடித்து, அதே டேப்பை அதே இடத்தில் அழுத்தி ஒட்டினேன். கோடுகள் நல்ல கறுப்பாக, பார்த்தால் யாரும் சந்தேகப்பட முடியாதபடி இருந்தது. பிறகு எடுத்துக் கழுவும் அறைக்குக் கொண்டுபோய் முதலிலிருந்து மறுபடி செய்துவிடலாம் என்று அலமாரியில் வைத்தேன். வந்தது சூப்பர்வைசரம்மா. "அக்கா, கழுவுற மெஷின்ல தண்ணி ஒழுகுது, வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள். குழாயைப் பிடித்து, துடைத்து, மெக்கானிக்கிடம் சண்டை போட்டுத் திரும்பி வர முக்கால் மணி ஆகிவிட்டது.

அலமாரியின் முன்வரிசை காலியாக இருந்தது.

எந்த செட் எங்கே போனது என்று எழுதும் நோட்டைப் பார்த்தேன். குடல்வால் வெடித்து வந்த அவசரக் கேஸ், இரண்டாவது தியேட்டர், வயிற்று செட் ஒன்று, எடுத்துப் போய்ப் பத்து நிமிஷம். அறையில் யாரும் இல்லை. சுவரில் போன் இருந்தது.

அந்த அரை நிமிஷத்தில் என் மனசு போன போக்கை ஒளிக்காமல் சொல்கிறேன். முதலில், ஒன்றும் ஆகாது, அரை மணிநேரம் திறந்திருந்ததா என்ன என்று தோன்றியது. அடுத்து, அப்படியே ஏதாவது ஆனாலும் கையெழுத்து அவளுடையதுதானே என்று தோன்றியது. அதற்கடுத்து வந்ததுதான் மோசம். போன் பண்ணி நிறுத்திவிடலாம். அவள் கட்டியது சரியில்லை, எனக்கு அப்போதே சந்தேகம் என்று சொல்லிவிடலாம். நோயாளி பிழைப்பான், நானும் தப்பிப்பேன், நல்ல பெயரும் கிடைக்கும். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. சாத்தானுக்கு நான் சொல்லிக்கொடுக்கலாம் போல.

போனை எடுத்தேன்.

"சீக்கிரம் சொல்லுங்க, ஆளுக்கு மயக்கம் குடுத்தாச்சு" என்றாள் தியேட்டர் சிஸ்டர்.

"கீழருந்து பேசறேன். அந்த வயித்து செட்டப் பிரிச்சிட்டீங்களா?"

"பிரிக்கப் போறேன். ஏன்?"

"பிரிக்காதீங்க. டேப்புல கையெழுத்து யாருதுன்னு பாருங்க."

"புதுசா வந்தவங்களுது. கோடெல்லாம் கறுத்துத்தானே இருக்கு, என்ன ஆச்சு?"

"அது அவ கட்டினது…" என்று ஆரம்பித்தேன்.

அங்கேயே நின்றுவிட்டேன். முதுகுக்குப் பின்னால் யாரோ இருக்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை. ஆள் நிற்கிறதைக் கண்டுபிடிப்பதில் எனக்கு இருக்கிற அனுபவம் யாருக்கும் இல்லை. இது வேவு பார்க்கிற ஆள் நிற்பது போல இல்லை. பிடிபடப் போகிறோமே என்ற பயமும் வரவில்லை. சின்ன வயதில் ஊசி போடும்போது அப்பா தோளில் கைவைத்து நிற்பாரே, அந்த மாதிரி இருந்தது. வலிக்கும், ஆனால் நான் இருக்கேன் என்பது போல.

"ஹலோ, இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றேன். "சிஸ்டர், அவ சரியாத்தான் கட்டினா. நான்தான் மதியம் பிரிச்சேன். பிரிச்சுட்டு அதே டேப்ப ஒட்டி வெச்சுட்டேன். அதைத் தொடாதீங்க, வேற செட் நானே கொண்டுவர்றேன்."

"நீங்களா?" என்றாள். அந்த ஒரு சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அடுத்த செட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. தியேட்டர் வாசலில் பஸ் டிரைவர் ஒருவரின் காக்கிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்து, "இது அவருக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் கட்டிய எந்தச் செட்டுக்கும் ஒரு ஆள் இருந்ததாக எனக்குத் தோன்றியதே இல்லை.

டிரைவர் பிழைத்துக்கொண்டார். நான் அவ்வளவு சுலபமாகப் பிழைக்கவில்லை. ஆறு மாதம் கழுவும் அறை, கையெழுத்துப் போடும் உரிமை இல்லை, மேலிடத்திலிருந்து ஒரு எச்சரிக்கைக் கடிதம். இந்த முறை கடிதத்தில் எழுதியவர் பெயர் இருந்தது. காணாமல் போன இடுக்கி வியாழக்கிழமை சலவைத் துணி மூட்டையில் கிடைத்தது. தியேட்டர்க்காரர்களே துணியோடு சுருட்டிப் போட்டிருக்கிறார்கள்.

முணுமுணுப்பு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. பழக்கம் ஒரு வாரத்தில் போய்விடுமா? வெள்ளிக்கிழமை, கழுவிய தட்டுகளை வாங்கிக்கொள்ள அவள் நடுச்சுவர்த் திறப்பின் கதவைத் தூக்கியபோது நானே கேட்டுவிட்டேன்.

"உனக்கு என்மேல கோவம் வரலையா?"

"வந்துச்சுக்கா. ரெண்டு நாள் நல்லாவே வந்துச்சு" என்றாள். "என் கையெழுத்து அதுல இருந்துச்சே."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. கோபம் வரவில்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. செட்டு மேல கைய வெச்சு என்னதான் சொல்லுவ? யாருக்குப் போகுதுன்னே தெரியாதே."

அவள் தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். கொஞ்சம் வெட்கப்பட்டாள். "தெரியாததாலதான்க்கா. பேர் சொல்ல முடியாது. அதனால, ஆண்டவரே, இதைத் தொடப்போற ஒவ்வொரு கையோடயும் நீங்க கூட இருங்கன்னு மட்டும் சொல்லுவேன்."

"எல்லா செட்டுக்குமா?"

"எல்லா செட்டுக்கும்."

"அந்த வயித்து செட்டுக்குமா?"

"அதுக்கும்தான். ஏன்க்கா?"

குழாயைத் திறந்துவிட்டேன், தண்ணீர்ச் சத்தத்தில் அழுதால் கேட்காது என்பதற்காக. அந்த டேப்பை நகத்தால் உரித்த கையைப் பார்த்தேன். அவள் ஜெபத்தில் அதையும் விட்டுவிடவில்லை.