பல் டாக்டரின் காது

பல் டாக்டருக்குத் தன் கையைவிடக் காதின் மேல்தான் கர்வம் அதிகம். வீட்டில் குழாய் சொட்டினால் எந்தக் குழாய் என்று படுத்தபடியே சொல்லிவிடுவார். எழுந்து போய் மூடுவது மட்டும் மனைவியின் பொறுப்பு.

பல வருடமாகச் சேர்த்த வயலின் கச்சேரிகளைக் கணினியில் ஃப்ளாக் என்ற ஒலி வடிவக் கோப்புகளாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். கிளினிக்குக்குப் புது ஸ்பீக்கர் வாங்கியதும் வந்தது வினை. பென் டிரைவில் ஃப்ளாக் கோப்பைக் கண்டாலே அது வாயை மூடிக்கொண்டது. அதற்கு அலாக் என்ற வேறு வடிவம்தான் வேண்டுமாம். மென்பொருள் வேலை பார்க்கும் மைத்துனன் ஒரு விடுமுறை நாளைத் தியாகம் செய்து எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தான்.

மறுநாளே அவனுக்கு டாக்டரிடமிருந்து போன்.

"உயிர் போயிடுச்சு மாப்ளே!"

"ஐயோ, யாருக்கு?"

"வயலினுக்கு."

சாயங்காலம் மைத்துனன் மடிக்கணினியோடு கிளினிக்குக்கு வந்து இறங்கினான். "அத்தான், ரெண்டுமே லாஸ்லெஸ். எதையும் இழக்காத வடிவம். ஒரே போர்வையை நாலா மடிச்சா என்ன, மூணா மடிச்சா என்ன? பிரிச்சா அதே போர்வைதானே? நான் ஒப்பிட்டும் பாத்துட்டேன், ஒரு நூல்கூடக் குறையல."

"மடிச்ச தடம் விழுமில்ல?"

சோதித்தே பார்த்துவிடுவது என்று முடிவானது. மைத்துனன் மடிக்கணினியை ஸ்பீக்கரோடு வயரில் இணைத்தான்; அதில் இரண்டு வடிவமும் பாடும். முன்னறையில் உட்கார்ந்து நோயாளிகளைப் பதிவு செய்யும் அக்காவிடம், அதாவது டாக்டரின் மனைவியிடம், அதை ஒப்படைத்தான்.

"நான் கை தட்டும்போதெல்லாம் இந்தப் பாட்டைப் போடுக்கா. பழசோ புதுசோ, உன் இஷ்டம். எதுன்னு மட்டும் சொல்லிடாத."

உள்ளே நாற்காலியில் ஒரு பஸ் டிரைவர் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தார். ஊசி போட்டாயிற்று, மரத்துப் போகும்வரை காத்திருக்க வேண்டும். சும்மா கிடக்கும் மனிதரை விடுவானேன் என்று டாக்டர் அவரையும் நடுவராக்கிக்கொண்டார்.

மைத்துனன் கை தட்டினான். வயலின் எழுந்தது. டாக்டர் கண்ணை மூடினார். "ஒரிஜினல். வில் கம்பியில உரசுற சத்தம் கேக்குது பார்."

மறுபடியும் கை தட்டல், மறுபடியும் அதே பாட்டு. டாக்டர் மூக்கைச் சுளித்தார். "மாத்துனது. தகர டப்பாவுக்குள்ள உக்காந்து வாசிக்கிறான்."

டிரைவரும் ஆமோதிப்பாக ஒரு விரலைத் தூக்கினார். இன்னும் சில தடவை ஓடியது. டாக்டர் சுருதி சுத்தமாகத் தீர்ப்பு சொல்லிக்கொண்டே போனார். மைத்துனனும் ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தான்.

"இதுல மட்டும் மேல்ஸ்தாயி கொஞ்சம் மெலிஞ்சாப்ல இருக்கோ அத்தான்? சாஃப்ட்வேர்ல ஏதாவது கோளாறா இருக்குமோ?"

"அப்படி வா வழிக்கு!" என்று அவன் முதுகில் ஓங்கித் தட்டினார் டாக்டர்.

மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "போதுமா? போன் அடிச்சுக்கிட்டே இருக்கு."

"எதெது எப்பப் போட்டேன்னு சொல்லுக்கா."

"எல்லாம் புதுசுதான்."

"எல்லாமேவா? மாத்தவே இல்லையா?"

"என் இஷ்டம்னுதானே சொன்ன? எனக்கு மாத்த இஷ்டமில்ல."

டாக்டருக்குக் காது மடல்வரை சிவந்தது. மைத்துனன் சிரிக்கப் பார்த்தான். மெலிந்த மேல்ஸ்தாயி ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டான். விரல் தூக்கிய டிரைவர் கூரையை ஆராய்ந்தார். முதலில் வாய் திறந்ததும் அவர்தான். உதடு மரத்துப்போய் வார்த்தை வழுக்கியது.

"டாக்டர்... ஃபாட்டை ஃபூராவும் ஃபோடுங்க. ஆரம்ஃபத்தையே எத்தனை தடவை கேக்குறது?"

டாக்டர்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். பாட்டு முழுசாக ஓட, பல் வலிக்காமல் வந்தது. கையுறையைக் கழற்றும்போது அவர் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை மைத்துனன் பார்த்தான்.

"அப்ப பழசை எல்லாம் அழிச்சிடவா அத்தான்? இடமாவது மிச்சமாகும்."

தாளம் நின்றது.

"வேணாம் மாப்ளே. அதுபாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்."