வாசலுக்கு வந்த கட்டில்

கட்டிலை வாசலில் போடச் சொல்லிச் சடையப்பன் கேட்காத நாளில்லை. ஈரல் கெட்டுப்போய், டாக்டரும் கைவிரித்த பிறகு, மனிதருக்குச் சோறு வேண்டாம், ஆறுதல் வேண்டாம். வானம் வேண்டும்.

"ஒரே ஒரு நாளு, மேல பாத்துக்கினு படுத்துக்கறேன்டா" என்பார்.

"பனி கீது நைனா, உனுக்கு ஒத்துக்காது" என்பான் மகன் அரவிந்தன்.

காரணம் பனி இல்லை என்பது சடையப்பனின் மனைவி சொக்கம்மாளுக்குத் தெரியும். புது வீட்டைக் கட்டிவிட்டு, சாகக் கிடக்கிற அப்பனை வெளியே தள்ளிவிட்டான் என்று ஊர் பேசும். அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. அவர் கேட்கும்போதெல்லாம் போர்வையை இழுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்தே அவருக்கு இந்தப் பைத்தியம்தான். அப்போதெல்லாம் கழனிக்கு ராத்திரியில்தான் கரண்ட் விடுவார்கள். மோட்டார் போடப் போகிற மனிதர், மடையைத் திருப்பிவிட்டு வரப்பில் மல்லாந்துவிடுவார். ஒருமுறை தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு அடுத்தவன் கழனியில் பாய்ந்ததுகூடத் தெரியாமல் கிடந்தார். விடிந்ததும் சண்டைக்கு வந்தவனிடம், "நேத்து வானம் இருந்த இருப்பைப் பாத்திருந்தா நீயும் இப்டித்தான் கெடந்திருப்ப" என்றாரே பார்க்கலாம்! சொக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவரோடு வரப்பில் படுத்திருந்த சில ராத்திரிகளில், பார்க்கப் பார்க்க அவளுக்கும் உடம்பு சிலிர்த்ததுண்டு. அதை அவள் அவரிடம் சொன்னதே இல்லை.

மாசியில் ஒருநாள், விளக்கு வைக்கிற நேரத்தில் அவருக்கு மேல்மூச்சு வாங்கியது. பார்க்க வந்திருந்த அவருடைய அண்ணன் வேதகிரி, தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். தாயையும் மகனையும் சமையலறைக்குக் கூட்டிப்போனார்.

"இன்னிக்கு ரோகிணிடா. உள்ள உசுரு போச்சுன்னா அடைப்பு. நாலு மாசம் வூட்டை மூடிப் போடணும்."

"வைகாசில தங்கச்சி கல்யாணம் கீதே பெரியப்பா!"

"அதான் சொல்றேன். வெளிய தூக்கிடு. வெளிய போனா ஒண்ணியும் இல்ல."

சொக்கம்மாள் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மகள் கீர்த்தியின் கல்யாணம் கண்முன்னால் வந்து நின்றது. அவளே போய்க் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துத் தூக்கினாள்.

வாசலில் இறக்கியதும் சடையப்பன் கண்ணைத் திறந்தார். முகம் சின்னப் பிள்ளை முகம்போல மலர்ந்தது.

"நீ கேட்டுக்கினே இருந்தியே நைனா, அதான்..." என்றான் அரவிந்தன். குனிந்து அவர் போர்வையைச் சரிசெய்தான்.

"நல்லாருடா. நல்லாரு" என்று அவன் கையைத் தடவிக்கொடுத்தார். சொக்கம்மாளுக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அவர் மேலே பார்த்தார். மூச்சுகூடக் கொஞ்சம் அடங்கி வந்தது. நேர் உச்சியில் அரை நிலா. அதன் பக்கத்தில் சிவப்பாக ஒரு நட்சத்திரம். அவர் கண் அங்கேயே நின்றுவிட்டது. நிலா எந்த நட்சத்திரத்தோடு நிற்கிறது என்பதைக் காலமெல்லாம் பார்த்துக் கிடந்தவர் அவர். அவருக்குக் காலண்டர் எதற்கு? தூக்கிவந்த அவசரத்தில் மூன்று பேரும் அதை மறந்துபோனார்கள்.

முகத்திலிருந்த சிரிப்பு வற்றியது. மெல்லத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

"இன்னிக்கு ரோகிணி, இல்ல?"

அவள் வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். அரவிந்தன் எழுந்து வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டான்.

"பரவால்ல. கொயந்த கல்யாணம் நிக்கக்கூடாது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நேத்து கேட்டேன். நேத்தே போட்டிருக்கலாம் நீங்க" என்றார்.

அப்புறம் அவர் யாரையும் பார்க்கவில்லை. வானத்தைத்தான் பார்த்தார். அத்தனைக்குப் பிறகும் அந்தப் பழைய வியப்பு அவர் கண்ணில் திரும்பி வந்தது. "பாரேன் சொக்கி" என்றார் ஒருமுறை. அவளுக்குத் தலையை நிமிர்த்தத் துணிவு வரவில்லை. நிமிர்த்தியபோது அவருடைய மூச்சு நின்றிருந்தது.

வேதகிரி வந்து பார்த்தார். வீடு தப்பித்தது என்ற நிம்மதி அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. தம்பியின் கண்களை மூடிவிடக் குனிந்தார். சொக்கம்மாள் அவர் கையைப் பிடித்துத் தள்ளினாள்.

"வுடு மாமா. இன்னும் கொஞ்சம் பாக்கட்டும்."