வள்ளம் அருமைக்கு

செபநாயகம் இறந்து ஒரு வருசம் நிறைந்த தேவாலயப் பூசைக்குக் குருநகரில் பாதிச் சனம் வந்திருந்தது. வீட்டுக்குத் திரும்பி எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவும்போதே அவருடைய தமையன் நீக்கிலாப்பிள்ளை கதையைத் தொடங்கிவிட்டார்.

"பெர்னடெட், இனியும் இழுத்தடிக்காதை. வீட்டையும் வள்ளத்தையும் தேவராசாவின்ரை பேருக்கு மாத்திவிடு. பெடியன் வெளிநாடு போகவேணும்."

பெர்னடெட் செபநாயகத்துக்கும் நீக்கிலாப்பிள்ளைக்கும் தங்கை. கலியாணம் கட்டாதவள். சந்தையில் மீன் விற்றுக்கொண்டு, செபநாயகத்தின் வீட்டிலேயே இருந்து, தாயில்லாத அவருடைய மகன் தேவராசாவையும் மகள் அருமைநாயகியையும் ஆளாக்கிவிட்டவள். அதனால்தான் அவர் மரணசாதனம், அதாவது உயில், எழுதியபோது அவளைப் பொறுப்பாளியாகப் போட்டார். வீடு, மீன்பிடி வள்ளம் என்று சொத்தெல்லாம் அவள் பொறுப்பில் இருக்கவேண்டும். எந்தப் பிள்ளைக்கு எதை, எப்போது கொடுப்பது என்பது அவளுடைய தீர்மானம். இது ஊருக்கே தெரியும்.

"அருமைக்கு?" என்று கேட்டாள் பெர்னடெட்.

மகள் அருமைநாயகி வல்வெட்டித்துறைச் சைவப் பெடியன் சோமசேகரத்தோடு போனபிறகு அந்த வீட்டில் யாரும் அவள் பெயரை எடுப்பதில்லை. தகப்பன் சாகும்வரை அவளோடு கதைக்கவில்லை. ஆனால் மரணசாதனத்திலிருந்து அவளை நீக்கவும் இல்லை.

"உவள் செத்தவளுக்குச் சமன்," என்றார் நீக்கிலாப்பிள்ளை. பிறகு குரலை இறக்கினார். "இஞ்சை பார். எல்லாத்தையும் தேவராசாவுக்குக் குடு. நீ சாகுமட்டும் இந்த வீட்டிலை இருக்கலாம். அவன் விக்கமாட்டான். அதுக்கு நான் பொறுப்பு."

வீட்டைக் கொடுத்தால் தனக்குப் போக இடமில்லை என்பதை அதுவரை பெர்னடெட் யோசித்ததே இல்லை.

அடுத்த நாள் மீன் நிறைத்த ஓலைக் கடகத்தைத் தோழி பூரணத்திடம் விட்டுவிட்டுச் சட்டத்தரணி அடைக்கலநாதனிடம் போனாள்.

"தமையன் வழக்குப் போடலாம்," என்றார் அவர். "நீங்கள் உங்களுக்கெண்டு ஏதும் எடுத்தாலோ, வேணுமெண்டு ஒரு பிள்ளைக்குக் குடுக்காமல் விட்டாலோ அவர் வெல்லுவார். மற்றும்படி அவர் சொல்லுக்கு நீங்கள் ஆடத் தேவையில்லை. ஆடினால்தான் பிழை."

"நான் அந்த வீட்டிலை இருக்கிறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பிரிச்சுக் குடுக்குமட்டும் இருக்கலாம் அக்கா. ஆனால் இருக்கிறதுக்காகப் பிரிக்காமல் விடக்கூடாது."

அங்கிருந்து நேரே கொடிகாமத்துக்கு பஸ் ஏறினாள். எண்பத்தைந்தாம் ஆண்டு ஆமித் தாக்குதலில் சோமசேகரத்தின் வீடும் வள்ளமும் எரிந்துபோய், அவனும் அருமையும் குழந்தையும் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தார்கள். அருமை அந்த ஊர்ச் சந்தையில் கூலிக்கு வெங்காயம் பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை சாக்கில் படுத்திருந்தது. மாமி பெர்னடெட்டைக் கண்டதும் அவள் எழும்பவில்லை.

"எனக்கு ஒண்டும் வேண்டாம் மாமி. செத்த அப்புவின்ரை முகத்தைக்கூடப் பாக்க விடாத சனம்."

"வேண்டாமெண்டு சொல்ல உனக்கு உரிமை இருக்கு. அதைக் குருநகர்க் கரையிலை வந்து, பெரியப்பாவின்ரை முகத்துக்கு முன்னாலை சொல்லு. இஞ்சை வெங்காயத்துக்குச் சொல்லாதை."

அருமை அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

பெர்னடெட் தீர்மானித்துவிட்டாள். வீடு தேவராசாவுக்கு. வள்ளமும் வலையும் கரையில் வலை வைக்கிற வாடிக் கொட்டிலும் அருமைக்கு. நொத்தாரிசிடம் உறுதிப் பத்திரம் முடித்து, வள்ளத்தின் பதிவையும் மாற்றினாள். தேவராசா கையெழுத்து வைக்கும்போது நிமிர்ந்தே பார்க்கவில்லை.

வள்ளம் இறக்குகிற காலையில் நீக்கிலாப்பிள்ளை ஆட்களோடு வந்து அதன் முன்முனையான அணியத்தை மறித்து நின்றுகொண்டார். நேவிக்குப் பயந்து ஆழமில்லாத பரவைக்கடலுக்குள் மட்டுமே தொழில் செய்த காலம். வேலையில்லாத ஆண்கள் எல்லாம் கரையில் நின்றார்கள்.

"இது வேதக்காரரின்ரை வள்ளம். சைவக்காரன் ஏறேலாது. நீ வெறும் பொறுப்பாளி, சொந்தக்காரி இல்லை!"

"ஓம் அண்ணை, நான் சொந்தக்காரி இல்லை. அதாலைதான் உங்களுக்குப் பயந்து ஒருதருக்குத் தூக்கிக் குடுக்க எனக்கு ஏலாது. நீங்களும் சொந்தக்காரன் இல்லை. சொந்தக்காரி உங்கடை பின்னாலை நிக்கிறாள். வழியை விடுங்கோ."

அவர் திரும்பினார். அருமை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரை நேரே பார்த்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

"தேவராசா! உன்ரை சொத்து போகுது, மறியடா!"

தேவராசா கையைக் கட்டியபடியே நின்றான். "என்ரை பங்கு எனக்கு வந்திட்டுது பெரியப்பா. வள்ளத்துக்கு நான் என்னத்தைக் கதைக்கிறது?"

சோமசேகரம் தனியே வள்ளத்தில் தோளைக் கொடுத்தான். அது அசையவில்லை. ஆண்கள் ஒருவரும் நகரவில்லை. பெர்னடெட் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"பொம்பிளையள் வள்ளத்திலை கை வைக்கிறதோ?" என்று யாரோ ஒருவன் கத்தினான்.

"மீனை மட்டும் நாங்கள் விக்கவேணுமோ?" என்று திருப்பிக் கத்தியபடி பூரணம் வந்தாள். அவளுக்குப் பின்னால் சந்தைப் பெண்கள் இன்னும் சிலர். நீக்கிலாப்பிள்ளை கடைசிவரை விலகாமல்தான் நின்றார். அணியம் முழங்காலில் முட்டியபிறகுதான் பக்கத்தில் பாய்ந்தார். வள்ளம் தண்ணீரில் விழுந்தது.

அன்று பின்னேரமே பெர்னடெட் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பூரணம் வீட்டுப் பின்னறைக்குப் போனாள். "நில்லுங்கோ மாமி, இப்ப ஆர் போகச் சொன்னது?" என்று தேவராசா வாசல்வரை வந்தான். "உன்ரை வீடு, நீ விக்கலாம். நான் இருந்தால் விக்கிறனெண்டு சொல்ல உனக்கு வாய் வராது," என்றாள் அவள். அவன் விற்றான், பிறகு வெளிநாடும் போனான்.

குருநகர் வள்ளங்கள் எதுவும் அவளுக்கு மீன் கொடுக்கக்கூடாது என்று நீக்கிலாப்பிள்ளை சொல்லிவைத்தார். பலர் அவர் சொல்லைக் கேட்டார்கள். அவள் சோமசேகரத்தின் மீனை வைத்தே வியாபாரம் செய்தாள். கடகம் நிறையாத நாட்களும் இருந்தன. சந்தையில் தன் இடத்தை மட்டும் அவள் ஒருவருக்கும் விடவில்லை.

ஒருநாள் சந்தையில் நீக்கிலாப்பிள்ளை அவளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இருந்த வீட்டையும் இழந்துபோட்டாய். இப்ப நிம்மதியோ?"

"ஓம் அண்ணை," என்றாள் பெர்னடெட், ஈயை விரட்டிக்கொண்டே. "மீன் வாங்கப் போறியளோ, இல்லாட்டி விலகி நிக்கிறியளோ? சனம் பாத்துக்கொண்டு நிக்குது."