ஞாயிறு கணக்கில் வராது

என் மனைவி நித்யா மேரி குழந்தையை என்னிடம் கொடுக்கும்போதெல்லாம் முதலில் ஒன்று சொல்வாள். "உக்காரு மாமா." நான் சுவரில் சாய்ந்து உட்கார வேண்டும். மடியில் ஒரு தலையணை வைப்பாள். அதன்மேல்தான் ஏழு மாதக் குழந்தை அமலி வந்து இறங்குவாள். ஐந்து வயது அக்காவிடம் தம்பிப் பாப்பாவைக் கொடுப்பதுபோல, முப்பத்து நான்கு வயது ஆம்பளைக்கு அவன் பெற்ற பிள்ளையைக் கொடுக்கிறார்கள். எரிச்சல் வருமா, வராதா?

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. ஜனவரியில் ஒரு நாள் அமலியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று பஸ்ஸை வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தேன். வலது கையில் சுண்டுவிரலும் அடுத்த விரலும் கொஞ்ச நாளாகவே மரத்துக்கொண்டிருந்தன. நான்தான் சட்டை செய்யவில்லை. குழந்தை ஒரு துள்ளுத் துள்ளியது, என் பிடி விட்டுப்போனது. பக்கத்தில் நின்ற நித்யா கவுனைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டாள். அமலிக்கு ஒன்றும் ஆகவில்லை, அது ஏதோ விளையாட்டு என்று சிரிக்கக்கூடச் செய்தாள். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

என் பெயர் லூர்து பிரகாஷ். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தே வேலை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் பில்களைச் சரிபார்ப்பேன். மதியம் இரண்டு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் பதினொன்றுக்குத்தான் எழுவேன். நடுவில் கண்ணுக்கு ஓய்வு வேண்டாமா? ஓய்வு கொடுக்கப் போனை எடுப்பேன். காலையில் வேலை இல்லையே, சும்மா இருக்க முடியுமா? அதற்கும் போன்தான். எங்கோ ஒரு நாட்டில் எவனோ அழுக்குக் கம்பளம் கழுவுவதை இருபது நிமிஷம் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். கழுத்துவலிக்கான பயிற்சி வீடியோக்கள் மட்டும் அறுபதுக்கு மேல் சேமித்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் படுத்தபடி, கழுத்தை மடக்கிக்கொண்டுதான் பார்த்தேன். ஒன்றையும் செய்ததில்லை.

ஜனவரிக்குப் பிறகு நரம்பு டாக்டரிடம் போனோம். அவர் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். நித்யாவோடு படித்த சத்யப்பிரியா சிதம்பரம் மேலவீதிப் பக்கம் கிளினிக் வைத்திருந்ததால் அங்கேயே போனேன். திங்களும் வெள்ளியும் காலை பஸ். முதல் நாளே அவள் என் முழங்கையைத் தட்டிக் காட்டினாள்.

"அண்ணா, இந்த வழியாத்தான் அந்த ரெண்டு வெரலுக்கும் நரம்பு போவுது. நீங்க கைய மடக்கி மணிக்கணக்கா போன் புடிக்கிறீங்க. மேசைல கைமுட்டிய ஊனி மவுஸ் புடிக்கிறீங்க. அது நசுங்காம என்னா பண்ணும்? இப்பவே மாத்திக்கிட்டா ஆபரேஷன் வேணாம். இல்லன்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

"புள்ளைய நின்னுக்கிட்டுத் தூக்க முடியுமாம்மா?"

"ஒழுங்கா இருந்தா ரெண்டு மாசத்துல தூக்கலாம்."

அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொன்னாள். திரையைக் கண் உயரத்துக்கு ஏற்றச் சொன்னாள், நான்கு பழைய டெலிபோன் டைரக்டரிகளை அடியில் வைத்தேன். முழங்கை ஊன்றும் இடத்தில் துண்டை மடித்துப் போட்டேன். போன் பேச மட்டும்தான், அதுவும் ஸ்பீக்கரில். இது ஒன்றுதான் கஷ்டமாக இருந்தது. மூன்று நாள் தாங்கினேன், நான்காம் நாள் பழைய குருடனாகிவிட்டேன்.

அப்போதுதான் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் வந்தது. டாக்டர் பேச்சை மீறலாம், சாமிக்குச் சொன்ன வார்த்தையை மீற முடியாது என்று கணக்குப் போட்டேன். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்ததும் நித்யாவிடம் சொன்னேன். "இந்தத் தவக்காலம் முழுக்க எனக்குப் போன் ஒறுத்தல்." பிடித்ததை விடுவதுதான் ஒறுத்தல். அவள் கறியை விட்டிருந்தாள். நான் போனை விட்டேன்.

விட்டேன் என்றால் நன்றாகவே விட்டேன். வேலை நேரத்தில் அலாரம் வைத்து எழுந்து, கொல்லைப்பக்கம் போய் வேப்ப மரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். காலையில் கையை நீட்டி மடக்கும் பயிற்சிகளைச் செய்தேன். தூக்கம் நன்றாக வந்தது. எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது.

ஆனால் ஞாயிறு என்று ஒன்று இருக்கிறதே. திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணிப் பார்த்தால் நாற்பத்தாறு நாள் வரும். ஆறு ஞாயிற்றைக் கழித்தால்தான் நாற்பது. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அன்றைக்கு ஒறுத்தல் கிடையாது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நித்யாவே ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோ ஆட்டுக்கறி எடுத்துவரச் சொல்வாள். அப்படியானால் என் கறி என் போன் இல்லையா? சனிக்கிழமை சாயங்காலப் பூசை ஞாயிற்றுப் பூசையாகத்தானே செல்லும், அதனால் ஞாயிறு சனி மாலையே தொடங்கிவிடுகிறது என்றும் ஒரு நியாயம் கண்டேன். ஆறு நாள் பட்டினிக்கும் சேர்த்து அள்ளி அள்ளிப் பார்த்தேன். நித்யா ஒன்றும் சொல்லவில்லை. அவள் வாயை என் நியாயத்தால் அடைத்துவிட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

சத்யப்பிரியாவிடம் கையால் இறுக்கிப் பிடிக்கும் கருவி ஒன்று உண்டு. எவ்வளவு பலமாகப் பிடிக்கிறோமோ அவ்வளவு முள் நகரும். மூன்றாவது வாரத் திங்களன்று அவள் சீட்டைப் பார்த்துக்கொண்டே தலையைச் சொறிந்தாள்.

"வெள்ளிக்கிழமை இருபத்தாறு. திங்கக்கிழமை பதினெட்டு. போன வாரமும் இதேதான். ஞாயித்துக்கிழமை கோயில்ல என்னாண்ணா பண்றீங்க? மேளம் அடிக்கிறீங்களா? பெஞ்ச தூக்குறீங்களா?"

"பெஞ்சுதாம்மா," என்றேன். ஆண்டவர் பெயரால் நோன்பிருப்பவன் கூசாமல் சொன்ன பொய் அது.

நான்காம் ஞாயிறு பூசையில் கூட்டம் ஜாஸ்தி. உட்கார இடம் கிடைக்காமல் கடைசித் தூணருகே நின்றோம். பைபிள் வாசகம் படிக்க வேண்டிய பெண் வரவில்லை என்று கோயில் உபதேசியார் வேகமாக வந்து நித்யாவைக் கூப்பிட்டார். அவள் தோளில் அமலி. நான் இரண்டு கையையும் நீட்டினேன். நித்யா என் கையைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற பாக்கியமேரியிடம் திரும்பிக் குழந்தையைக் கொடுத்தாள். தையல் கடை வைத்திருப்பவள், எங்களுக்கு அவ்வளவாகப் பழக்கம்கூட இல்லை.

"அப்பா நிக்கிறாரேம்மா?" என்றாள் பாக்கியமேரி.

"அவருக்குக் கை சரியில்லக்கா," என்று சொல்லிவிட்டு நித்யா முன்னால் போனாள்.

பாக்கியமேரி என் கையைப் பார்த்தாள். நான் கையைப் பேன்ட் பையில் விட்டுக்கொண்டேன். ஒலிபெருக்கியில் நித்யாவின் குரல் வந்தது, என்ன படித்தாள் என்று எனக்குத் தெரியாது. வேற்று ஆளின் தோளிலிருந்து அமலி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு அவமானத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது வெடித்தேன். "நாலு பேரு முன்னால ஏன்டி என்னை இப்படி பண்ண? ஒரு வாசகம் படிக்கிற நேரம், நான் புடிச்சிக்க மாட்டேனா?"

அவள் நிற்காமல் நடந்தபடியே சொன்னாள். "வெள்ளிக்கிழமையா இருந்தா குடுத்திருப்பேன் மாமா. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

கருவி இல்லாமலே அவள் அளந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். அன்று விடிந்ததிலிருந்து பூசைக்குக் கிளம்பும்வரை படுத்தபடி போன் பார்த்தவன் நான். கை நீட்டியபோதே சுண்டுவிரலில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் நீட்டினேன்.

மறுநாள் சிதம்பரத்தில் உண்மையைச் சொன்னேன். நாற்பது நாள், ஆறு ஞாயிறு, எல்லாவற்றையும் விளக்கினேன். சத்யப்பிரியா வேறு மதத்துக்காரி, பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டாள்.

"எல்லாஞ் சரிண்ணா. உங்க நரம்புக்கு ஞாயித்துக்கிழமைன்னு தெரியுமா?"

அடுத்த ஞாயிறும், ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறும் போனைத் தொடவில்லை. மறுநாள் திங்கட்கிழமை முள் இருபத்தொன்பதில் நின்றது. வீட்டுக்கு வந்ததும் நித்யாவிடம் சீட்டைக் காட்டினேன். அவள் இரண்டு முறை படித்துவிட்டு மடித்து அவள் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

ஈஸ்டர் வந்தது. நள்ளிரவுப் பாஸ்கா பூசைக்குப் போய்வந்த அசதியில் காலையில் நித்யாவும் குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒறுத்தல் முடிந்துவிட்டது, வாழ்த்து அனுப்பியவர்களுக்குப் பதில் போட வேண்டாமா? எடுத்தேன். பதிலெல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. தலை நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தபோது இரண்டு மணி நேரம் போயிருந்தது. முழங்கை மடங்கியது மடங்கியபடி இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

பதினோரு மணிக்கு அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. நித்யா கூடத்துக்கு வந்தாள். இடுப்பில் புதுக் கவுனோடு அமலி. நான் ஜன்னலருகே நின்றிருந்தேன். நித்யா உட்காரச் சொல்லவில்லை, தலையணையைத் தேடவில்லை. நேராக வந்து குழந்தையை என் பக்கம் நீட்டினாள். "புடி மாமா, குழம்பு அடிப்பிடிக்குது." அவள் முகத்தில் சந்தேகமே இல்லை. மூன்று மாதமாக நான் எதற்கு ஏங்கினேனோ அது என் நெஞ்சுக்கு அரை அடி தூரத்தில் கால் உதைத்துக்கொண்டிருந்தது.

வாங்கியிருக்கலாம். நான் சொல்லாவிட்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. ஒரு நிமிஷம்தான், அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது.

"இன்னிக்கு வேணாம் நித்யா," என்றேன். "காலைல ரெண்டு மணி நேரம் போன் பாத்துட்டேன். வெரல் மரத்துருக்கு."

திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. குழந்தையைத் திரும்ப இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். குழம்பு தீயும் வாசனை வந்தது. அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"நாளைக்கு சிதம்பரத்துக்கு நானும் வரேன்," என்றாள்.

நான் சுவரோரம் போய் உட்கார்ந்தேன். தலையணையை நானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.