கடைசி வாங்குக்குக் கேட்க வேண்டும்

சனிக்கிழமை பின்னேரம், லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் அந்தோனியார் கோயிலுக்குள் இருந்தவர்கள்: கிட்டாரோடு ஜொய்சி; மலையில் கொழுந்து பறித்துவிட்டு நேரே வந்ததால் கால் சேறு காயாத அவளுடைய அம்மா சிசிலி; தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார வேலை பார்க்கும் கிஷாந்த்; சனம் உட்காரும் வாங்குப் பலகைகளில் கடைசி வாங்கில் கோயில் கமிட்டித் தலைவர் பத்திநாதன். பீடத்துக்குப் பக்கத்தில் துணி போர்த்திய கீபோர்ட் ஒன்று. அது பத்திநாதனின் மருமகனுடையது. அதையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஜொய்சிக்கு அங்கே இருந்த ஒரே எதிரி அதுதான்.

கூரை தகரம். அதன்மேல் ஜூன் மாத மழை. விடிந்தால் திருநாள்.

போன திருநாளுக்கும் அதற்கு முந்தியதற்கும் ஜொய்சிதான் வாசித்தாள். இரண்டிலும் மழை. அவள் கை அசைவதைச் சனம் பார்த்தது, ஒரு மண்ணும் கேட்கவில்லை. மைக்கை முன்னால் வைத்துப் பார்த்தார்கள். கிட்டாரை விட மழை பெரிதாகக் கேட்டது. பூசை முடிந்ததும் ஒருத்தி வந்து, "புள்ள, இந்தத் தடவ கிட்டார் இல்லையா?" என்றாள். கிட்டார் அப்போது ஜொய்சியின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த முறை பத்திநாதன் முடிவாகச் சொல்லிவிட்டார். "முந்தின நாளு மழைக்குள்ள வாசி. நான் கடைசி வாங்குல இருப்பேன். எனக்குக் கேட்டா நீ. கேக்கலன்னா கீபோர்ட்."

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். திருநாள் பாட்டை நடத்துகிறவர் கையில்தான் முந்தின நாள் கோயில் சாவி இருக்கும். சாவி இப்போது பத்திநாதனின் சட்டைப் பையில் இருந்தது.

அதற்காகவே ஜொய்சி கொழும்பிலிருந்து 'பிக்கப்' ஒன்றைப் பார்சலில் வரவழைத்தாள். தந்தியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மெல்லிய பட்டை ஒன்று, குமிழ் வைத்த சின்னப் பெட்டி ஒன்று, ஒரு வயர். பெட்டியைப் பொருத்தக் கிட்டாரின் விலாவில் சதுரமாக ஓட்டை வெட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை கிஷாந்த் வீட்டு மேசையில் அந்த வெட்டு நடந்தது.

"நீ வெளிய போயிரு," என்றான் கிஷாந்த், மரம் அறுக்கும் வாளை எடுத்துக்கொண்டே. "பிரசவம் பாக்க வந்தவ மாதிரி மூஞ்ச வச்சுக்கிட்டு நிக்காத."

"டேய், கோணலா வெட்டினே, ஒன் காத அதுல ஒட்டிருவேன்."

கோணலாகத்தான் வெட்டினான். பெட்டியின் விளிம்பு அதை மறைத்தது. அடுத்தது பட்டை. தந்திகள் ஏறி உட்காரும் வெள்ளைத் துண்டை எடுத்து, அதற்குக் கீழே பட்டையை வைத்து, பட்டையின் கனத்துக்கு அந்தத் துண்டின் அடியைத் தேய்த்தார்கள். தந்தி கட்டித் தட்டினால் மெல்லிய தந்தி மட்டும் ஊமை. அடி சமமாக இல்லை. அவிழ்த்து, கண்ணாடித் துண்டின்மேல் அரத்தாளை விரித்து மறுபடி தேய்த்தார்கள். அப்புறம் வயர் சொருகும் துளை. அதற்குக் கிட்டாரின் வாய்க்குள் கைவிட்டு உள்ளே நட்டை முடுக்க வேண்டும். கிஷாந்தின் கை போனது, வரவில்லை. சவர்க்கார நுரை போட்டு இழுத்தார்கள். பிறகு ஜொய்சி கைவிட்டாள். அவன் வெளியிலிருந்து பிடிக்க, அவள் உள்ளே முடுக்கினாள்.

அன்றைக்கு அந்தக் கிட்டார் போட்ட சத்தத்தில் லயத்து வீட்டு வரிசையின் நாய்கள் எல்லாம் குரைத்தன. ஜொய்சி சிரித்ததில் வாயை மூட முடியவில்லை.

இன்றைக்கு வயரைச் சொருகினாள். கையை ஓட்டினாள். சத்தம் இல்லை.

குமிழைத் திருகினாள். ஸ்பீக்கரைத் தட்டினாள். தகரத்தில் மழைதான் அடித்தது.

"தொடங்கிட்டியா?" என்று கடைசி வாங்கிலிருந்து பத்திநாதன் கத்தினார்.

"இன்னும் இல்ல மாமா!"

கிஷாந்த் பெட்டியைக் கழற்றி, உள்ளே இருந்த சதுர பேட்டரியில் மீட்டரை வைத்தான். "செத்துப்போச்சு. செவ்வாக்கெழம போட்ட புது பேட்டரி. ராவெல்லாம் வயர சொருகியா வச்சிருந்தே?"

"இல்லடா. வாசிச்சதும் களட்டிருவேன்."

"களட்டிக் களட்டிப் போடுறா, பொறுப்பில்லாதவ," என்றாள் சிசிலி. "நாந்தான் நெதமும் ராவுல ஸ்பீக்கர் வயர சொருகி வுட்டேன்."

இருவரும் திரும்பினார்கள்.

"எதுக்கும்மா?"

"சார்ஜுக்குத்தான். லயத்துல கரண்டு இருக்கிறப்பவே போட்டாத்தானே உண்டு? பச்ச லைட்டும் எரிஞ்சுச்சு. போனுக்கும் அப்பிடித்தானே எரியுது?"

"அத்தே," என்றான் கிஷாந்த், "அந்த வயர சொருகினா சார்ஜ் ஏறாது. எறங்கும். எறங்குறதுக்குத்தான் அந்தப் பச்ச லைட்டு."

சிசிலி அந்தப் பெட்டியை முறைத்தாள். "அப்ப எறங்குறதுக்குச் செவப்பு லைட்டு வைக்க வேண்டியதுதானே, வெக்கங்கெட்டவனுங்க," என்றாள்.

தலவாக்கலை டவுனுக்குப் போய் பேட்டரி வாங்கி வர இந்த மழையில் ஆட்டோ வராது. பத்திநாதன் எழுந்து கீபோர்டின் துணியை விலக்க வந்துகொண்டிருந்தார். ஜொய்சி கிட்டாரைக் கழுத்திலிருந்து கழற்றப் போனாள். அப்போதுதான் கிஷாந்தின் கையில் இருந்த மீட்டர் அவள் கண்ணில் பட்டது.

"டேய். அது எதுல ஓடுது?"

அவன் மீட்டரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "தொழிற்சாலை மீட்டர்டீ இது."

"தொறடா!"

ஆணியைத் திருகி முதுகைக் கழற்றினான். அதே சதுர பேட்டரி. எடுத்துப் பெட்டிக்குள் தள்ளினான்.

"மாமா, திரும்பிப் போய் ஒக்காருங்க!" என்று ஜொய்சி கத்தினாள்.

அடித்தாள். முதல் தட்டலிலேயே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கோயில் முழுக்கக் கிட்டார். மழை அதற்குத் தாளம் போடுவதுபோல் ஆகிவிட்டது. சிசிலி சேற்றுக் காலோடு கைதட்டினாள். கிஷாந்த் செத்த மீட்டரை மேளமாக்கித் தட்டினான். கடைசி வாங்கில் பத்திநாதன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் வாய் பாடியது. இரண்டாம் சரணத்தில் அவர் குரல்தான் எல்லாரையும் விடப் பெரிதாக இருந்தது, சுருதியும் இல்லாமல்.

பாட்டு முடிந்ததும் வந்தார்.

"கேட்டுச்சுங்களா மாமா?"

"நான் என்ன செவிடா?" என்றார். பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். "வெள்ளன வந்து தொற. சிசிலி, இன்னைக்கி ராவு ஒண்ணும் சொருகாத."

"நான் ஏங்கண்ணே சொருகுறேன்," என்றாள் சிசிலி.

அவளும் கிஷாந்தும் ஒரு குடைக்குள் முதலில் இறங்கிப் போனார்கள். பத்திநாதன் கீபோர்டைத் துணியோடும் றப்பர் சீட்டோடும் சுற்றித் தலையில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினார். மழைக்குள்ளும் அந்தப் பாட்டை முனகிக்கொண்டே போனார்.

ஜொய்சிக்கு இன்னும் ஒரு பாட்டு பழக வேண்டியிருந்தது. அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தி, உள்ளிருந்தே சாவியைத் திருப்பிப் பூட்டினாள்.