கையைப் பிடிக்க வந்த தெய்வம்

பல் டாக்டரின் கிளினிக்குக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் நோயாளிகள் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முன்னறையில், அன்றைக்கு மட்டும் நடுவில் மேசையைப் போட்டு, ஏழு வருடமாக ஒரு தனி உலகம் நடந்துகொண்டிருக்கிறது. அந்த உலகத்தை நடத்துகிறவன் வாரமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். இந்த மேசையில் அவனுக்குப் பெயர் மாஸ்டர். மலை எங்கே, ராட்சசன் எங்கே என்று அவன் சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, என்ன செய்யப்போகிறோம் என்பார்கள். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். வளர்ந்தவர்கள் விளையாடுகிற விளையாட்டா இது என்று கேட்பவர்கள் ஒரே ஒரு ஞாயிறு வந்து உட்கார்ந்து பார்க்கட்டும், அப்புறம் எழுந்து போகிறார்களா பார்ப்போம்.

பல் டாக்டருக்கு மாவீரன் வேடம். வாரம் முழுக்கப் பல்லைக் காப்பாற்றிவிட்டு ஞாயிறு மதியம் பல்லை உடைப்பதில் அவருக்கு அப்படி ஒரு ஆனந்தம். பஸ் டிரைவர் திருடன். நிஜத்தில் ஒரு சிவப்பு விளக்கைக்கூடத் தாண்டாத மனிதர். மாஸ்டரின் அக்கா வைத்தியச்சி. நிஜத்திலும் ஏறக்குறைய அதேதான். இனிமேல் குணமாகாது என்று தெரிந்தவர்களைக் கடைசி நாள்வரை பார்த்துக்கொள்ளும் வார்டில் நர்ஸ்.

மேசைக்கு இரண்டே சட்டம். ஒன்று, மாஸ்டர் வாயிலிருந்து வந்தது வந்ததுதான்; திரும்ப எடுக்க முடியாது, வேண்டுமானால் மேலே சேர்க்கலாம். இரண்டு, யாருடைய வேடமாவது செத்துப்போனால் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். மாஸ்டர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இந்த இரண்டாவது சட்டத்துக்கு ஏழு வருடமாக வேலையே இல்லை. அக்கா இருக்கும்போது யார் சாவார்கள்? டாக்டரின் மாவீரனையே ஒன்பது தடவை இழுத்துப் பிடித்து எழுப்பி உட்கார வைத்திருக்கிறாள்.

அப்பேர்ப்பட்டவள் ஐந்து மாதமாக வரவில்லை. அப்பா இறந்த மதியம் அவள் வார்டில் இருந்தாள். படுக்கையருகே போகும்போது போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும், அது அங்கே விதி. வீட்டில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து தம்பி பதினோரு முறை கூப்பிட்டுப் பார்த்தான். அவள் ஓடி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. வாசலிலேயே நிறுத்தி, சொந்தக்காரர்கள் காதுபட, "யார் யாரோ சாகறப்ப எல்லாம் பக்கத்துல இருந்த. அப்பாவுக்கு மட்டும் உனக்கு நேரமில்ல" என்றான். அக்கா பதில் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. பேசியதெல்லாம் "சாவி எங்க", "கதவைச் சாத்திக்கோ" அளவில்தான். அந்த வார்த்தையை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாமல் மாஸ்டர் ஐந்து மாதமாக உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தான். இன்றைக்கு டாக்டர்தான் கெஞ்சிக் கூத்தாடி அவளை வரவழைத்திருந்தார்.

"இன்னிக்கு ஒரு நாள்தான், டாக்டர். இதோட சரி" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்குப் பாலம் இடிந்தது, கதையில்தான். திருடனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. வைத்தியச்சியிடம் இருந்தது ஒரே ஒரு மருந்துக் குப்பி.

"திருடனுக்குக் குடுக்கறேன்" என்றாள் அக்கா.

"ஐயோ, எனக்குச் சும்மா சிராய்ப்புங்க! நீங்க வெச்சுக்கங்க" என்று டிரைவர் பதறினார்.

"குடுத்தாச்சு."

ஏழு வருடமாகச் செய்கிற அதே தப்பு. தனக்கென்று ஒரு சொட்டு மிச்சம் வைத்துக்கொள்ளத் தெரியாது. அடுத்த கல் அவள் தலைக்கு மேலேயே வந்தது. தப்பிக்கப் பகடையை உருட்டினாள். ஒன்று விழுந்தது. அதைவிடக் குறைந்த எண் அந்தப் பகடையில் கிடையாது. வைத்தியச்சி செத்துவிட்டாள்.



"சரி, சாவுக்குன்னு ஒரு சாமி இருக்குமில்ல? வரச் சொல்லுங்க, பேசிப் பார்ப்போம்" என்றார் டாக்டர், பல்லைப் பிடுங்குவதற்கு முன் பேசுகிற இதமான குரலில்.

மாஸ்டர் நோட்டைப் புரட்டினான். கடலுக்கு ஒரு தெய்வம், மழைக்கு ஒன்று, தொலைந்துபோன செருப்புக்குக்கூட ஒன்று என்று பன்னிரண்டு பக்கத்தைப் பொடி எழுத்தில் நிறைத்து வைத்திருந்தான். பதின்மூன்றாம் பக்கத்தில் 'மரணம்' என்று தலைப்பு மட்டும் இருந்தது. யாருமே சாகாத ஆட்டத்தில் இது எதற்கு என்று விட்டுவைத்த பக்கம். எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"ஒரு அம்மா வர்றாங்க" என்று ஆரம்பித்தான். "மண்டையோடு கிடையாது, அரிவாள் கிடையாது. முடியை இழுத்துக் கட்டியிருக்காங்க. சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டிருக்காங்க. வந்து கதவைத் தட்டறாங்க."

"சாவு கதவைத் தட்டுமா?" என்றார் டிரைவர்.

"இவங்க தட்டுவாங்க. உள்ள வந்ததும் தான் யாருன்னு சொல்லுவாங்க. அப்புறம், 'உங்க கையைப் பிடிக்கப் போறேன்'னு சொல்லுவாங்க. சொல்லாம யாரையும் தொட மாட்டாங்க."

அக்கா தலையை நிமிர்த்தினாள். அது அவளுடைய வார்டுப் பழக்கம். நினைவு தப்பிக் கிடப்பவராக இருந்தாலும், தலையணையைச் சரிசெய்வதற்கு முன்னால்கூடச் சொல்லிவிட்டுத்தான் செய்வாள். ஒருமுறை சாப்பாடு கொண்டுபோனபோது கதவிடுக்கு வழியாகத் தம்பி அதைப் பார்த்திருக்கிறான். இப்படி ஒருத்தி நமக்கு அக்காவா என்று அன்றைக்கு அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அவளிடம் மட்டும் சொன்னதில்லை.

"இவங்க எப்படி சாமி ஆனாங்க?" என்றார் டாக்டர்.

மாஸ்டர் நோட்டை மூடி வைத்தான். ஆதியில் சாவுக்கென்று யாருமே இல்லை என்றான். குழந்தை பிறந்த வீட்டுக்குப் போட்டி போட்டுக்கொண்டு ஓடிய பன்னிரண்டு தெய்வங்களும், சாகிற வீடு என்றால் நைசாக நழுவிவிடுவார்களாம். மனிதர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாகச் செத்தார்கள். துறைமுகத்தில் ஒருத்தி இருந்தாள். புயலில் அடிபட்டு வருகிற, ஊர் பேர் தெரியாத மாலுமிகளின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கை தானாக விடும்வரை இவள் விடமாட்டாள். தெய்வங்களே மேலிருந்து வாயைப் பிளந்து பார்த்தார்களாம்.

"ஒரு நாள் அப்படிப் பிடிச்சுட்டு இருக்கறப்ப, ஆத்துக்கு அந்தப் பக்கம் அவங்க அப்பா சாகக் கிடந்தார். தம்பி புறா அனுப்பினான். பதினோரு புறா. இங்க ஜன்னல் சாத்தியிருந்துச்சு."

டாக்டரும் டிரைவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் இருவரும் குனிந்து மேசையைப் பார்த்தார்கள்.

"அவங்க போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. வாசல்ல வெச்சு தம்பி ஒரு வார்த்தை சொன்னான். சொல்லவே கூடாத வார்த்தை. அவங்க திருப்பி ஒண்ணும் சொல்லல. நேரா சாமிங்ககிட்ட போனாங்க. அப்பாவைத் திருப்பிக் குடுன்னு கேக்கல. 'ஒரே நேரத்துல எல்லாப் படுக்கைக்குப் பக்கத்துலயும் நான் இருக்கணும். யார் கையைப் பிடிக்கறது, யார் கையை விடறதுன்னு இனிமே ஒரு மகளும் தவிக்கக் கூடாது'ன்னாங்க. அப்படின்னா உனக்கு ஓய்வே கிடையாதேன்னாங்க சாமிங்க. பரவாயில்லைன்னாங்க. பன்னிரண்டு பேரும் எழுந்து நின்னு அவங்களுக்கு இடம் விட்டாங்க."

டிரைவர் மூக்கை உறிஞ்சினார். "இவங்க வந்தா நான் தைரியமா கூடப் போயிடுவேங்க."

"நான் செத்துட்டேன் இல்ல?" என்றாள் அக்கா. "எனக்கு ஒரு கேள்வி இருக்கு. அந்த அப்பா கடைசில என்ன சொன்னார்?"

அதற்கான பதில் நோட்டில் இல்லை. மாஸ்டருக்குத் தெரியும், அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஐந்து மாதமாக மறைத்து வைத்திருந்தான்.

"மூணாவது புறா அனுப்பறப்பவே சொன்னார். 'விட்றா. அவ யார் கையையாவது பிடிச்சுட்டு இருப்பா. அதை உதறிட்டு வந்தா அவ என் பொண்ணே இல்ல'ன்னார். சிரிச்சுக்கிட்டே, அவ்வளவு பெருமையா. பக்கத்துலயே கிடந்த தன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையேன்னு தம்பிக்குப் பொறாமை. அந்த வீம்புலதான் மிச்ச எட்டுப் புறாவையும் அனுப்பினான். அந்த வீம்புலதான் வாசல்ல அப்படிப் பேசினான். சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாதுக்கா. மேல சேர்க்கத்தான் முடியும். சேர்த்துட்டேன்."

"அப்பா அப்படியா சொன்னார்?"

அது வைத்தியச்சியின் குரல் இல்லை. மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டினான். தான் அழுதுகொண்டிருப்பது, டிரைவர் கைக்குட்டையை நீட்டியபோதுதான் அவனுக்கே தெரிந்தது.

அக்கா நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உன் கையைப் பிடிக்கப் போறேன்டா" என்று சொல்லிவிட்டுத்தான் பிடித்தாள்.